டிராஃப்டில் பெயர் வராத பிள்ளைக்கு ஜனவரியில் ஒப்பந்தமா?

கேள்வி: எங்கள் மகன் 2007 ஆகஸ்டில் பிறந்தவன். ஒன்ராறியோ ஜூனியர் ஐஸ் ஹொக்கி லீக்கான ஓ.எச்.எல்.-இல், ஓர் அணியில் டிஃபென்ஸ் (தடுப்பாட்டம்) விளையாடுகிறான், வலக்கை அடி. பெரிய தொழில்முறை லீக்கான என்.எச்.எல்.-இன் அணிகள் இளம் வீரர்களைச் சுற்றுச் சுற்றாகத் தெரிவுசெய்யும் டிராஃப்ட் 2025 ஜூனில் நடந்தது. அதில் ஏழு சுற்றும் முடியும்வரை டி.வி.க்கு முன்னால் இருந்தோம், பெயர் வரவில்லை. ஜூலையில் ஒரு என்.எச்.எல். அணி தன் முகாமுக்குக் கூப்பிட்டது. போய்வந்தான், அதற்குப் பிறகு அவர்களிடமிருந்து ஒரு பேச்சும் இல்லை. இந்த சீசனில் நன்றாக விளையாடுகிறான். இப்போது ஆலோசகர் என்று சொல்லி ஒருவர் வந்திருக்கிறார். ஜனவரிக்குள் என்.எச்.எல். ஒப்பந்தம் எடுத்துத் தருவாராம், அதற்கு 8,000 டொலர் முன்பணம் வேண்டுமாம். முகாமுக்குக் கூப்பிட்ட அணிக்குத்தான் மகன் மேல் முதல் உரிமை என்றும் சொல்கிறார். இதற்கிடையில் ஒரு அமெரிக்கக் கல்லூரியும் கேட்கிறது. மகனின் அப்பாவுக்கு இரவு வேலை, நான்தான் ரிங்க் ரிங்காக ஓடுகிறேன். எதை நம்புவது?
– ஒரு தாய், ஸ்காபரோ

அன்பின் அக்கா,

முதலில் அந்த 8,000 டொலர். கொடுக்காதீர்கள். ஜனவரியில் உங்கள் மகனோடு என்.எச்.எல். ஒப்பந்தம் செய்ய 32 அணிகளில் ஒன்றுக்கும் வழியில்லை. பிள்ளையின் திறமைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, லீக்கின் விதி விடாது. அது தெரியாமல்தான் அவர் காசு கேட்கிறார் என்றால் ஆலோசகர் என்று சொல்லிக்கொள்ள லாயக்கில்லை. தெரிந்துகொண்டே கேட்கிறார் என்றால் நான் சொல்லத் தேவையில்லை, உங்களுக்கே விளங்கும்.

விதி என்ன என்று சொல்கிறேன். செப்டெம்பர் 15-க்குள் 18 வயது நிறைந்துவிட்டால் அந்த வருட டிராஃப்டில் பிள்ளையின் பெயர் தானாகவே இருக்கும். வட அமெரிக்காவில் வளர்ந்து விளையாடும் பிள்ளைக்கு அது அத்தோடு முடிவதில்லை. டிசம்பர் 31 அன்று வயது 20-ஐத் தாண்டாத வருடம்வரை ஒவ்வொரு டிராஃப்டிலும் பெயர் திரும்ப வரும். உங்கள் மகன் 2007 ஆகஸ்ட். ஆகவே 2025 முதல் முறை, 2026 இரண்டாம் முறை, 2027 மூன்றாவதும் கடைசியும். இதே பிள்ளை இரண்டு மாதம் பிந்தி ஒக்டோபரில் பிறந்திருந்தால் முதல் டிராஃப்டே 2026-தான், மொத்தம் இரண்டே வாய்ப்பு. ஒரே வகுப்பில் படித்த இரண்டு பிள்ளைகளுக்கு இரண்டு கணக்கு வருவது இதனால்தான். ரிங்கில் மற்ற அம்மாமார் சொல்லும் வருடக் கணக்கை உங்கள் வீட்டுக்கு அப்படியே எடுக்காதீர்கள்.

டிராஃப்டில் எடுபடாத 18, 19 வயதுப் பிள்ளையோடு ஒரு அணி ஒப்பந்தம் செய்ய முடியாதா? முடியும். ஆனால் டிராஃப்ட் முடிந்த கையோடு, அந்தக் கோடையிலும் செப்டெம்பர் பயிற்சி முகாமிலும்தான். சீசன் தொடங்கிவிட்டால் கதவு சாத்தியதுதான். அவன் அடுத்த ஜூன் டிராஃப்டுக்கு உரியவனாகிவிடுகிறான். நடுவில் எந்த அணியும் தனியாகக் கூட்டிக்கொண்டு போய்க் கையெழுத்து வாங்க ஏலாது. போன வருடம் எல்லோரும் வேண்டாம் என்று விட்ட பிள்ளை இந்த வருடம் திடீரென்று வளர்ந்து நின்றால், அவனுக்கு ஆசைப்படும் எல்லா அணிகளும் வரிசையில் நின்றுதான் எடுக்க வேண்டும் என்பது இந்த விதியின் நோக்கம்.

பிரெட் லீசன் கதையைப் பாருங்கள். 1999 ஏப்ரலில் பிறந்தவர், மேற்குக் கனடா ஜூனியர் லீக்கில் பிரின்ஸ் அல்பேர்ட் அணி. 2017-இலும் 2018-இலும் யாரும் எடுக்கவில்லை. 2018 இலையுதிர்காலத்தில் ஆட்டத்துக்கு ஆட்டம் புள்ளி எடுத்துக்கொண்டே போனார். கனடாவின் உலக ஜூனியர் அணியிலும் இடம் கிடைத்தது. அந்தக் குளிர்காலம் முழுக்க அணிகளுக்கு ஆள் தேடும் ஸ்கௌட்கள் அவரைப் பார்க்க வந்தார்கள், ஆனால் ஒரு அணியாலும் அவரை ஒப்பந்தம் செய்ய முடியவில்லை. 2019 ஜூன்வரை காத்திருந்து, மூன்றாவது டிராஃப்டில் இரண்டாம் சுற்றில் 56-ஆவது ஆளாக வாஷிங்டன் எடுத்தது. உலக ஜூனியர் அணியில் விளையாடிய பிள்ளைக்கே ஜனவரியில் நடக்காத காரியம் அது. உங்கள் ஆலோசகர் அதை 8,000 டொலருக்கு நடத்திக் காட்டுகிறேன் என்கிறார்!

கோடைக் கதவுக்கும் ஒரு உதாரணம் இருக்கிறது. ஃபிலிப் மையர்ஸ், உங்கள் மகனைப் போலவே வலக்கை டிஃபென்ஸ், கியூபெக் ஜூனியர் லீக்கில் ரூவின்-நொராண்டா அணி. 2015 டிராஃப்டில் பெயர் வரவில்லை. ஃபிலடெல்ஃபியா முகாமுக்குக் கூப்பிட்டது, பிடித்துப்போய்விட்டது, அதே செப்டெம்பரில் ஒப்பந்தம். அப்போது அவருக்கு வயது 18. ஆக, உங்கள் மகனுக்கு அடுத்த கதவு 2026 ஜூன் டிராஃப்ட் முடிந்த பின்னர்தான் திறக்கும், அதுவும் அங்கே எவரும் எடுக்காவிட்டால். அந்த ஜூலை முகாமும் செப்டெம்பர் முகாமும் முக்கியம். அதிலும் நடக்கவில்லை என்றால் 2027 டிராஃப்ட். அதையும் தாண்டிவிட்டால் அவன் முழுச் சுதந்திரன், வருடத்தில் எந்த மாதமும் எந்த அணியோடும் கையெழுத்து வைக்கலாம்.

சரி, முகாமுக்குக் கூப்பிட்ட அணி. அவர்களுக்கு உங்கள் மகன் மேல் ஒரு உரிமையும் இல்லை. அழைப்பு அழைப்புத்தான். அணி மேலங்கி கொடுத்திருப்பார்கள், வைத்தியப் பரிசோதனை செய்திருப்பார்கள், சாப்பாட்டைப் பற்றி ஒரு வகுப்பும் எடுத்திருப்பார்கள். அவை எதுவும் அவனைக் கட்டாது. அடுத்த ஜூலையில் வேறு அணி கூப்பிட்டால் தாராளமாகப் போகலாம். பழைய அணிக்கு நன்றி சொல்லி ஒரு மின்னஞ்சல் போட்டால் மரியாதை, அவ்வளவுதான்.

இதில் இன்னொரு பக்கத்தையும் பார்க்கச் சொல்வேன். ஏழாம் சுற்றில் கடைசி ஆளாக எடுபட்ட பிள்ளைக்குப் பேச ஒரே ஓர் அணிதான் உண்டு. அந்த அணியில் ஏற்கெனவே வலக்கை டிஃபென்ஸ் ஆறு பேர் வரிசையில் நின்றாலும், அவர்கள் 'பார்ப்போம்' என்று வருடங்களை இழுத்தாலும், அவன் அங்கேயே கிடக்க வேண்டும். யாரும் எடுக்காத பிள்ளைக்குக் கதவு திறக்கும்போது 32 அணியும் முன்னால் இருக்கும். டிராஃப்ட் நாளில் கூரையே இடிந்துவிட்டது போல இருந்திருக்கும் உங்களுக்கு. ஆனால் ஏழாம் சுற்றா, எடுபடாமலா என்று என்னைக் கேட்டால், பல பிள்ளைகளுக்கு இரண்டாவதையே சொல்வேன். முதல் சுற்று, இரண்டாம் சுற்று என்றால் கதை வேறு, அங்கே அணி தன் தெரிவைக் காப்பாற்றிக்கொள்ளவே வாய்ப்பு மேல் வாய்ப்புக் கொடுக்கும்.

அப்படித் தெரிவுசெய்யும் நாள் வந்தால் அணியிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி காசைப் பற்றியதல்ல. ஓர் அணி ஒரே நேரத்தில் 50 வீரர் ஒப்பந்தங்களுக்கு மேல் வைத்திருக்க முடியாது. மேலே ஆடும் 23 பேர், கீழ் லீக்கான ஏ.எச்.எல்.-இல் இருப்பவர்கள், காயத்தில் கிடப்பவர்கள் என்று எல்லோரும் அந்த 50-க்குள். 47-இல் நிற்கும் அணி மூன்றாவது வரிசை டிஃபென்ஸ் பிள்ளைக்கு இடம் செலவழிக்க யோசிக்கும். 41-இல் நிற்கும் அணி யோசிக்காது. நல்ல பிள்ளைகள் பலருக்கு ஒப்பந்தம் வராமல் போவதற்கு இந்த எண்தான் காரணம், பெற்றோரோ 'எங்கட பிள்ளையிலை என்ன குறை' என்று மாய்ந்துகொண்டிருப்பார்கள். எத்தனை ஒப்பந்தம் கைவசம், அதில் வலக்கை டிஃபென்ஸ் எத்தனை, அவர்களில் எத்தனை பேரின் ஒப்பந்தம் அடுத்த கோடையில் முடிகிறது: இந்த மூன்றையும் கேளுங்கள். பதில் சொல்லத் தடுமாறும் அணி உங்கள் மகனை எங்கே வைக்கப் போகிறது என்று தானே யோசிக்கவில்லை.

அப்புறம் ஒப்பந்தத் தாள். டிராஃப்டில் போனவர், போகாதவர் எல்லோருக்கும் முதல் ஒப்பந்தம் ஒரே அச்சில்தான் வரும். கையெழுத்திடும் வருடத்தின் செப்டெம்பர் 15 அன்று பிள்ளையின் வயது என்ன என்று பார்ப்பார்கள். 18 முதல் 21 வரை என்றால் மூன்று வருடம், 22, 23 என்றால் இரண்டு, 24 என்றால் ஒன்று. பேரம் பேசி இந்தக் காலத்தைக் கூட்டவோ குறைக்கவோ ஏலாது. காசுக்கும் உச்சவரம்பு உண்டு. 2024, 2025 டிராஃப்ட் பிள்ளைகளுக்கு அது வருடம் 9,75,000 அமெரிக்க டொலர். முதலிடத்தில் எடுபட்ட மக்லின் செலப்ரினிக்கே அடிப்படை அவ்வளவுதான், மிச்சமெல்லாம் ஆட்டத்தைப் பொறுத்த போனஸ். கையெழுத்துப் போனஸ் அந்தந்த வருடத் தொகையில் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது.

இந்த 9,75,000-ஐக் கேட்டதும் நம்மாட்கள் மார்க்கம் நகரில் வீடு பார்க்கத் தொடங்கிவிடுகிறார்கள். கொஞ்சம் பொறுங்கள். தாளின் முதல் பந்தியில் சம்பளம் ஒரு வரியில் இருக்காது. என்.எச்.எல்.-இல் இருக்கும் நாட்களுக்கு ஒரு தொகை, கீழ் லீக்கில் இருக்கும் நாட்களுக்கு இன்னொரு தொகை என்று தனித்தனியாக இருக்கும். முதல் ஒப்பந்தத்தில் அந்தக் கீழ்த் தொகை மேல்தொகையில் கிட்டத்தட்டப் பத்தில் ஒரு பங்குதான். டிராஃப்டில் எடுபடாமல் வந்த பிள்ளை முதல் ஒன்றிரண்டு வருடம் ஏ.எச்.எல்.-இல்தான் இருப்பான் என்று வைத்துக் கணக்குப் போடுங்கள். வரி, முகவர் பங்கு, வாடகை எல்லாம் அந்தச் சின்ன எண்ணிலிருந்துதான் போகும். நிச்சயமாகக் கைக்கு வரும் பெரிய காசு கையெழுத்துப் போனஸ் மட்டுமே, அதனால் முகவர் உண்மையில் உழைக்க வேண்டிய இடமும் அதுவே.

18 அல்லது 19 வயதில் கையெழுத்து வைத்தால் இன்னொரு விடயம். அந்த சீசனில் என்.எச்.எல்.-இல் 10 ஆட்டத்துக்குக் குறைவாக ஆடினால், ஒப்பந்தத்தின் முதல் வருடம் ஓடாமல் ஒரு வருடம் தள்ளிப்போகும். உங்கள் மகன் 2026 கோடையில் கையெழுத்து வைத்து, திரும்பவும் ஓ.எச்.எல்.-க்கு வந்து விளையாடினால் இது அவனுக்குப் பொருந்தும். மூன்று வருடமும் 2027 இலையுதிர்காலத்திலிருந்துதான் எண்ணப்படும், 2030-இல்தான் முடியும். போனஸ் காசு மட்டும் அந்த இடைப்பட்ட வருடத்துக்கும் வரும். அணிக்கு இது மிகவும் வசதி, ஏனென்றால் அப்படி ஜூனியருக்குத் திரும்பிய பிள்ளை 50 கணக்கிலும் சேர மாட்டான். பிள்ளைக்கு வசதியா? இடம் நிச்சயம் என்றால் ஆம். 2027-க்குப் பிறகு இரண்டு மூன்று அணி போட்டி போடும் என்று கோச்சும் ஸ்கௌட்களும் சொல்கிற நிலை இருந்தால் பொறுத்திருக்கலாம். காயம் வராது என்று யாரும் உறுதி தர முடியாது என்பதையும் தராசில் வைக்க வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. லீக்குக்கும் வீரர் சங்கத்துக்கும் இடையிலான இப்போதைய கூட்டு உடன்படிக்கை 2026 செப்டெம்பர் 15-இல் முடிகிறது, அடுத்த நாளிலிருந்து புதியது. 2026 கோடையில் தாள் மேசைக்கு வந்தால் நான் இங்கே சொன்ன தொகைகளை வைத்துக் கையெழுத்து வைக்காதீர்கள், அன்றைய தொகைகளை எழுத்தில் கேளுங்கள்.

உங்கள் கடிதத்தில் இல்லாத ஒரு வழியும் இருக்கிறது. ஏ.எச்.எல். அணி நேரடியாகத் தானே ஒப்பந்தம் கொடுக்கும். என்.எச்.எல். தாளுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, கையெழுத்து வைத்த பிறகும் எந்த என்.எச்.எல். அணியும் அவனைக் கூப்பிடலாம். ஜோனதன் மார்ஷசோ அப்படித்தான் போனார். கியூபெக் ரெம்பார்ஸ் ஜூனியர் அணியில் கோல் மேல் கோல் அடித்தும் சின்ன உருவம் என்று எவரும் எடுக்கவில்லை. 2011-இல் கனெக்டிகட் ஏ.எச்.எல். அணியோடு ஒப்பந்தம், அடுத்த வருடமே கொலம்பஸ் என்.எச்.எல். தாளோடு வந்தது. 2023-இல் வேகஸ் அணி என்.எச்.எல். சாம்பியனுக்கான ஸ்டான்லி கோப்பையை வென்றபோது, பிளேஓஃபின் (கோப்பைக்கான கடைசிக்கட்ட ஆட்டங்களின்) சிறந்த வீரர் அவர்தான். உங்கள் மகனுக்கு இந்த வழி 2027 இலையுதிர்காலத்தில்தான் திறக்கும், ஏனென்றால் ஜூனியர் பிள்ளை அந்த வருட டிசம்பர் 31-க்குள் 20 வயதை எட்டியிருக்க வேண்டும்.

நம்மூர் ஆள் ஒருவரையும் சொல்லிவிடுகிறேன். மார்க் ஜோர்டானோ ரொறொன்ரோவில் பிறந்தவர், ஓவன் சவுண்டில் ஓ.எச்.எல். விளையாடினார், டிராஃப்டில் எவரும் எடுக்கவில்லை. 2004-இல் கல்கரி ஒப்பந்தம் கொடுத்தது. 2007-இல் அதே கல்கரி மேலே ஒரு சம்பளம், கீழே ஒரு சம்பளம் என்று மறுபடி தாளை நீட்டியபோது மாட்டேன் என்று மொஸ்கோவுக்குப் போய் ஒரு வருடம் விளையாடினார். திரும்பி வந்தபோது பேரம் அவர் பக்கம் இருந்தது. பிறகு கல்கரியின் கேப்டன், 2019-இல் லீக்கின் சிறந்த டிஃபென்ஸ் வீரருக்கான நோரிஸ் விருது. தாளில் அந்த இரண்டாவது எண் எவ்வளவு முக்கியம் என்று அவர் நன்றாகவே விளங்கி வைத்திருந்தார்.

கல்லூரிக்கு வருவோம். முன்பெல்லாம் ஓ.எச்.எல்.-இல் ஒரு ஆட்டம் ஆடினாலும் அமெரிக்கக் கல்லூரி ஹொக்கி முடிந்த கதை. 2024 நவம்பரில் அந்த விதியை மாற்றி, 2025 ஆகஸ்ட் 1 முதல் கனடிய ஜூனியர் பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்கிறார்கள். ஆகவே உங்களுக்கு வந்த அழைப்பு பொய்யாக இருக்கத் தேவையில்லை. கல்லூரியில் இருந்தாலும் டிராஃப்ட் வருடக் கணக்கு மாறாது. 2027-ஐத் தாண்டிய பிறகு கல்லூரி சீசன் முடியும் மார்ச் மாதத்தில் எந்த அணியும் வந்து பேசலாம். டிராஃப்டில் எடுபடாமல் வெர்மொன்ட் பல்கலைக்கழகத்தில் நான்கு வருடம் முடித்துப் போன மார்ட்டின் சென்ட் லூயிஸ், 2004-இல் ஒரே வருடத்தில் புள்ளிப் பட்டியலில் முதலிடம், லீக்கின் பெறுமதிமிக்க வீரர் விருது, ஸ்டான்லி கோப்பை மூன்றையும் எடுத்தவர். கல்லூரி வழி மெதுவானது, ஆனால் உடம்பு பிந்தி வளரும் டிஃபென்ஸ் பிள்ளைக்கு அந்த மெதுவே நல்லது. உங்கள் மகனின் உயரம் எடை எனக்குத் தெரியாது, அதைக் கோச்சிடம் கேளுங்கள்.

ஆனால் ஒன்று. கல்லூரி எண்ணம் இருக்கும்வரை மகன் முகவர் என்று வருகிற எவரோடும் எந்தத் தாளிலும் கையெழுத்து வைக்கக் கூடாது. என்.எச்.எல். ஒப்பந்தத்தில் கையெழுத்து வைத்தால் கல்லூரிக் கதவு மூடியது என்றே கணக்கு வையுங்கள். போன ஜூலை முகாமின் பயணச் செலவை யார் கட்டினார்கள் என்ற விவரத்தையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கல்லூரியில் விளையாட்டுத் தகுதி பார்ப்பதற்கென்றே ஓர் அலுவலகம் இருக்கும். கோச் ஃபோனில் 'பிரச்சினை இல்லை' என்று சொல்வது போதாது, அந்த அலுவலகத்திடம் மின்னஞ்சலில் கேட்டுப் பதிலைப் பத்திரப்படுத்துங்கள். உதவித்தொகை முழுதா பகுதியா, எத்தனை வருடத்துக்கு என்பதும் எழுத்தில் வர வேண்டும்.

அந்த ஆலோசகர் விடயத்தை முடித்துவிடுவோம். என்.எச்.எல். அணியோடு வீரருக்காகப் பேசக் கூடியவர் வீரர் சங்கத்தின் சான்று பெற்ற முகவர் மட்டுமே. சங்கத்தின் இணையத்தளத்தில் பெயர்ப் பட்டியல் இருக்கிறது, தலைமை அலுவலகமும் நமது ரொறொன்ரோவிலேயேதான். இந்த ஆளின் முழுப் பெயரைக் கேட்டு வாங்கிப் பட்டியலில் தேடுங்கள். சான்று பெற்ற முகவர்கள் ஒப்பந்தம் கிடைத்த பிறகு வருகிற காசில்தான் ஒரு வீதம் எடுப்பார்கள். கலியாணத் தரகர்கூடப் பொருத்தம் சரிவந்த பிறகுதானே பெரிய காசு கேட்கிறார். ஏற்கெனவே அவருக்கு ஏதாவது கொடுத்திருந்தால், எதற்காக வாங்கினார் என்று மின்னஞ்சலில் கேளுங்கள். பதில் வந்தாலும் வராவிட்டாலும் அந்த மின்னஞ்சல் உங்களுக்கு உதவும்.

கடைசியாக, மகன் ஓ.எச்.எல்.-இல் சேர்ந்தபோது நீங்கள் கையெழுத்து வைத்த தாளை எடுத்துப் படிப்புத் தொகைப் பக்கத்தை வடிவாகப் பாருங்கள். விளையாடிய ஒவ்வொரு சீசனுக்கும் ஒரு வருடப் படிப்புச் செலவு என்பது பொதுவான கணக்கு. அதை எப்போது தொடங்க வேண்டும், தொழில்முறை ஒப்பந்தத்தில் கையெழுத்து வைத்தால் என்னவாகும் என்ற இரண்டு வரிகளும் அதிலேயே இருக்கும். விளங்காவிட்டால் அந்தப் பக்கத்தை மட்டும் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள், மகனின் பெயரையும் அணியின் பெயரையும் மறைத்துவிட்டு.